வரி மஞ்சளும் நோய் மஞ்சளும்

நர்சரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பூவைப் பார்த்துத்தான் செடி வாங்குவார்கள். வரிக் கல்வாழை கேட்டு வருகிறவர்கள் மட்டும் பூ என்ன நிறம் என்றுகூடக் கேட்பதில்லை. "அந்த மஞ்சக் கோடு போட்ட இலை இருக்காக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நியாயம்தான். அந்தச் செடிக்கு இலைதான் பூ.

ஒரு நல்ல இலையைக் கையில் ஏந்திப் பாருங்கள். ஒன்றரை அடி நீளம், முக்கால் அடி அகலம். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாக ஓடும் ஒவ்வொரு பக்க நரம்பையும் ஒட்டி வெண்ணெய் நிறத்தில் ஒரு வரி. வரிக்கும் வரிக்கும் நடுவே பச்சை. அந்தப் பச்சையும் ஒரே பச்சை இல்லை. உற்றுப் பார்த்தால் கிளிப்பச்சையும் கரும்பச்சையுமாக மயிரிழை மயிரிழையாக ஓடும். விளிம்பில் நூல் கனத்துக்கு ஓர் அரக்குச் சிவப்பு. உச்சியில் வரும் ஆரஞ்சுப் பூ எனக்குக் கூடுதல் வரவு, அவ்வளவே. நன்றாக வளர்த்தால் ஐந்தடிக்கு நிற்கும். கடைக்காரர்கள் இதை பெங்கால் டைகர் என்பார்கள், பிரிட்டோரியா என்பார்கள், ஸ்டிரையேட்டா என்பார்கள். மூன்றும் ஒரே செடிதான். மூன்று பெயருக்கும் மூன்று விலை சொன்னால் ஏமாறாதீர்கள்.

எங்கள் நர்சரி திருச்சியிலிருந்து முக்கொம்புக்குப் போகிற வழியில், ஜீயபுரம் பக்கம் இருக்கிறது. காவிரி வண்டல் மண். சுற்றிலும் வாழை. அப்பா வாழை விவசாயி. நான் அதே மண்ணில் அழகுச்செடி போடுகிறேன். வாழை, இஞ்சி, மஞ்சள், கல்வாழை எல்லாமே ஒரே பெருங்குடும்பத்தின் பங்காளிகள் என்பதால் எனக்கு இந்தச் செடி புதிதாகப் படிக்க வேண்டியதாக இருக்கவில்லை. வாழைத்தோட்டத்தில் கற்றதில் பாதி அப்படியே பொருந்தியது. அதில் முக்கியமானது நோய் பற்றியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நடுவது சுலபம். ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை மக்கிய தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. இரண்டு மூன்று முளைக்கண் உள்ள கிழங்கை மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூட வேண்டும். செடிக்குச் செடி இரண்டடி. தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. நம் ஊரில் கிணற்றடியிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் பச்சைக் கல்வாழையை வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்தார்கள். கால் நனைந்தே இருந்தாலும் அது அழுகாது. ஆரோவில் பக்கம் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் கூழாங்கல் பாத்திகளிலும் கல்வாழையை நடுகிறார்கள். வரிக் கல்வாழையையும் அப்படி வைக்கலாம். ஆனால் சோப்புத் தண்ணீர் அதிகம் விழும் இடத்தில் இலை விளிம்பு கருகி, வரி அழகு போய்விடுகிறது. அந்த இடத்துக்குப் பச்சை ஜாதியே போதும்.

ஒரு தண்டு பூத்து முடிந்தால் அது மறுபடி பூக்காது. அதைத் தரையோடு அறுத்துவிட வேண்டும். பக்கக்கன்று மேலே வரும். வாழைத்தார் வெட்டியதும் மரத்தைச் சாய்ப்பது மாதிரிதான். இதைச் செய்ய மனசு வராமல் காய்ந்த மட்டைகளோடு விட்டுவிடுகிறவர்கள்தான் "செடி அசிங்கமா ஆயிடுச்சு" என்று வந்து சொல்கிறார்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. வரியின் மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு. அதனால் அந்த இடம் வெளிச்சத்தை ஊடுருவ விடும். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் இலைக்குப் பின்னாலிருந்து விழும்படி வைத்தால் ஒவ்வொரு வரியும் தனியாக விளக்கேற்றியது போலத் தெரியும். ஆகவே, வீட்டுக்காரர்கள் சாயங்காலம் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டுக்கொண்டு, அங்கிருந்து பார்த்தால் செடிக்குப் பின்னால் மேற்கு வரும்படி இடம் குறிப்பேன். வெள்ளைச் சுவர் முன்னால் வைக்கவே மாட்டேன். வெள்ளை, வரியைத் தின்றுவிடும். பின்னால் ஒரு மாமரமோ கொய்யாவோ கருவேப்பிலைப் புதரோ இருந்தால் போதும். காம்பவுண்டு ஓரமாக வரிசையாக நடுவதும் எனக்குப் பிடிக்காது. ஒரே இடத்தில் ஐந்தாறு கிழங்கைக் கூட்டமாக வைத்து, சுற்றிலும் பச்சையை மட்டும் விடுங்கள். குரோட்டன்ஸும் வரிக் கல்வாழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தோட்டத்தில் இரண்டுமே எடுபடுவதில்லை.

நிழலில் வைத்தால் வரி மங்கி வெளிர்பச்சையாகிவிடும். குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஒரு வாரம் தவறினால் ஓரம் கருகும். தண்ணீர் தவறாவிட்டால் அக்கினி நட்சத்திரத்தையும் தாங்கும். மஞ்சள் பகுதி உணவு குறைவாகவே தயாரிக்கும் என்பதால் பச்சைக் கல்வாழையை விட இது கொஞ்சம் மெதுவாகத்தான் பெருகும். அதை வேகப்படுத்த யூரியாவை அள்ளிக் கொட்டக் கூடாது. குருத்து கொழுகொழுவென்று வரும், பின்னாலேயே அசுவினியும் வரும். அசுவினி வந்தால் என்ன வரும் என்பதுதான் இந்தக் கட்டுரை எழுதவே காரணம்.

முதலில் இந்தச் செடி எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க வேண்டும். கல்வாழையின் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். பெரிய பூக்கள் கொண்ட தோட்ட வகைகளை உருவாக்கும் வேலை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் சூடுபிடித்தது. தியோடோர் அன்னே, பிறகு லியோன் நகரத்து க்ரோஸி என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். நம் நாட்டில் 1820-இல் வில்லியம் கேரி தொடங்கிய கொல்கத்தா வேளாண் தோட்டக்கலைச் சங்கம் கல்வாழைக்குப் பேர்போனது. விதையில் வளர்ப்பதும் சாத்தியம்தான். கறுப்பாக, உருண்டையாக, கல் மாதிரி இருக்கும் அதன் விதைக்கு அசாத்திய ஆயுள். அர்ஜென்டினாவில் ஒரு பழைய கல்லறையில், அக்ரூட் கொட்டை ஓட்டுக்குள் கிலுகிலுப்பைக் கற்களாக அடைபட்டிருந்த கல்வாழை விதை ஒன்று முளைத்தது. அதன் வயது சுமார் 600 ஆண்டுகள் என்று 1971-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் வரி விதையில் வராது. வரி வேண்டுமென்றால் வரி உள்ள கிழங்கை உடைத்துத்தான் நட வேண்டும். ஒரு கிழங்கை நாலாக்கி, நாலைப் பதினாறாக்கி, ஊர் ஊராகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதாவது திருச்சியில் என் பாத்தியில் நிற்பதும், பெங்களூரில் ஒரு பூங்காவில் நிற்பதும், தென் ஆப்பிரிக்காவில் ஒரு வீட்டு வாசலில் நிற்பதும் உடம்பால் ஒரே செடி. என்றோ எவர் கையிலோ ஒரு துண்டில் புகுந்த நோய், அந்தத் துண்டின் சந்ததி முழுவதற்கும் போகும். விதை வழியாகத் தலைமுறைக்குத் தலைமுறை கழுவிக்கொள்ளும் வாய்ப்பு இதற்குக் கிடையாது. கிழங்கில் பெருக்கும் எல்லாப் பயிரின் தலையெழுத்தும் இதுதான்.

வாழைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் எப்படித் துடைத்துப் போட்டது என்று அப்பா தலைமுறையில் எல்லோருக்கும் தெரியும். நோய்க்கன்றைத் தெரியாமல் எடுத்து நட்டார்கள், அசுவினி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. பிறகு திசு வளர்ப்பில் நோயில்லாத கன்று தயாரித்துக் கொடுத்துத்தான் அந்த வாழையை மலைக்குத் திரும்பக் கொண்டுவர முடிந்தது. கல்வாழையைத் தாக்கும் மஞ்சள் தேமல் வைரஸ், வாழை இலையைக் கோடு கோடாகக் காயவைத்துவிடும் வைரஸ், இரண்டும் பேட்னா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மாவுப்பூச்சிதான் இந்த இனத்து வைரஸ்களைச் சுமந்து திரியும். அசுவினி பரப்பும் வேறு வைரஸ்களும் கல்வாழைக்கு வரும். 2000-க்குப் பிறகு ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த கல்வாழைக் கிழங்குகளில் வைரஸ் பரவலாகி, அங்குள்ள வளர்ப்பாளர்களுக்குப் பெரும் தலைவலியாகிவிட்டது.

இந்த வைரஸ்கள் இலையில் என்ன செய்யும்? நரம்போடு மஞ்சள் கோடு போடும்.

பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். செடி என்றால் உயிர். ஒரு நாள் காலையில் ஸ்கூட்டரில் முன்னால் ஒரு தொட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏம்மா, புது ஜாதி பாத்தியா? பச்சைக் கல்வாழைதான் வெச்சிருந்தேன். தானா வரி விழுந்துடுச்சு. நம்ம வீட்லயே புதுசா ஒண்ணு உருவாயிருக்கு!"

தானாக வரி விழுவது நடக்காத காரியமில்லை. இன்றைக்கு டிராபிகானா என்று விற்கிற, செவ்வரி ஓடும் கல்வாழை தென் ஆப்பிரிக்காவில் வயோமிங் என்ற பழைய வகையில் தற்செயலாகத் தோன்றிய மாற்றம்தான். அதனால் அவர் சொன்னதை நான் தள்ளவில்லை. தொட்டியை வெயிலுக்கு நகர்த்தி, ஓர் இலையை வானத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தேன். நடு நரம்பில் தொடங்கி விளிம்புவரை அறுபடாமல் போன கோடு அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் துண்டு துண்டு. ஒரு கோடு பாதியில் தொடங்கி அரை அங்குலத்தில் நின்றது. இன்னொன்று கரைந்து திட்டாகப் பரவியிருந்தது. அடி இலையில் அதே கோடுகள் துரு நிறத்துக்குக் காய்ந்திருந்தன. விரிந்துகொண்டிருந்த குருத்து ஒரு பக்கம் சுருங்கி, முறுக்கிக்கொண்டு வந்தது.

என் பாத்தியிலிருந்து ஒரு வரி இலையை அறுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தேன். "நீங்களே பாருங்க ஐயா."

அவர் வாழ்நாள் முழுக்க மில்லிமீட்டர் பார்த்த மனிதர். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு இலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதுல கோடு நரம்பைப் பிடிச்சுக்கிட்டு நேரா போகுது. என்னோடதுல நரம்பைத் தொட்டுத் தொட்டு விட்டிருக்கு" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"மருந்து இருக்கா?"

"இல்லைங்கய்யா. வைரஸுக்கு மருந்து கிடையாது. வேரோட எடுத்து எரிச்சுடணும். உரக்குழிலயும் போடக் கூடாது."

"தோட்டத்துல மத்தது?"

"மத்ததையும் நான் வந்து பாக்குறேன்."

அன்று மாலையே போனேன். பாதிக் கொல்லை போயிற்று. அவர் மனைவி பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகள் அவை. அவரே மண்வெட்டியால் தோண்டி, காயவைத்து, எரித்தார். அந்தக் கிழங்கு அவருக்கு எங்கிருந்து வந்ததென்று நான் கேட்கவில்லை. கேட்டு ஆவதற்கு ஒன்றுமில்லை, கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது.

பச்சைக் கல்வாழையில் நோய் வந்தால் இப்படிக் காட்டிக்கொடுத்துவிடும். வரிக் கல்வாழையில் நோய் வரிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். அதுதான் என் தொழிலில் உள்ள பெரிய சிக்கல். அதனால் நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் எல்லா இலையிலும் வரி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறவி வரி இலைக்கு இலை மாறாது. பிறகு வரியின் கரை. அது கத்தியால் கீறியது போல நரம்போடு போக வேண்டும். பச்சைக்குள் கசியக் கூடாது. மூன்றாவது, மஞ்சளுக்குள் காய்ந்த பழுப்புக் கீற்று. விளிம்பில் கருகினால் வெயில் அல்லது தண்ணீர்க் குறை. இலையின் நடுவில், வரியின் நீளத்துக்குக் கீற்றாகக் காய்ந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பூவையும் விடமாட்டேன். ஆரஞ்சில் வெளுத்த கீறல் விழுந்திருந்தால் அந்தத் தூரைத் தனியாக ஒதுக்கிவிடுவேன். பாத்தியின் நான்கு மூலையிலும் சாதாரணப் பச்சைக் கல்வாழை ஒவ்வொன்று வைத்திருக்கிறேன். அவை விற்பனைக்கு இல்லை. நோய் உள்ளே வந்தால் அந்தப் பச்சை இலையில்தான் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக வைத்திருக்கும் காவல்.

மூன்றாவதாக இன்னொரு மஞ்சளும் உண்டு. இளங்குருத்தில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, இடைப்பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தால் அது நோயுமில்லை, வரியுமில்லை; இரும்புச் சத்துக் குறை. வரிச்செடியில் நரம்போரம் மஞ்சள், இதில் நரம்பு பச்சை, நேர் எதிர். சுண்ணாம்பு அதிகம் உள்ள மண்ணில், கட்டிட இடிபாடு கொட்டிய தோட்டத்தில் அடிக்கடி வரும். லிட்டருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து, காலை வேளையில் இலையில் தெளித்தால் அடுத்த குருத்து தெளிவாக வரும். இதைப் பார்த்து நோய் என்று பயந்து செடியைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. பிடுங்குவதற்கு முன் நரம்பின் நிறத்தைப் பாருங்கள்.

பிரிக்கிற வேலையில் என் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கையால் உடையக்கூடிய இடத்தில் கத்தி போடக் கூடாது. வளர்ந்த தூரை மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசினால் கிழங்குகள் எங்கே சேர்ந்திருக்கின்றன என்று தெரியும். கழுத்து மெலிந்த இடத்தில் பிடித்துத் திருகினால் பொட்டென்று விட்டுவிடும். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு கத்தி. ஒன்று கையில், ஒன்று ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த வாளியில். ஒரு தூர் முடிந்தால் கத்தியை மாற்ற வேண்டும். சாறு ஒட்டிய கத்தியோடு அடுத்த தூருக்குப் போவது, ஒரே ஊசியை எல்லோருக்கும் போடுவதற்குச் சமம். எங்களிடம் வேலை பார்க்கும் அக்காவுக்கு இது மனப்பாடம். புதிதாக வருகிறவர்களை அவரே அதட்டுவார். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி, எண்ணெய் தடவி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ப்ளீச் இரும்பைத் தின்றுவிடும். உடைத்த கிழங்கை ஒரு நாள் நிழலில் ஆறவைத்து, சூடோமோனாஸ் கரைசலில் அரை மணி நேரம் நனைத்து நடுகிறோம். அது அழுகலுக்குத்தான், வைரஸை ஒன்றும் செய்யாது.

வெளியிலிருந்து எந்தக் கிழங்கு வந்தாலும், அது எவ்வளவு நம்பிக்கையான இடமாக இருந்தாலும், நர்சரியின் கிழக்கு மூலையில் கொசுவலை கட்டிய தனிப் பாத்திக்குத்தான் முதலில் போகும். ஒரு முறை பூத்து முடியும்வரை அங்கேதான் இருக்கும். அதுவரை அதற்கு விலை கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும். பெரிய வரும்படிகளை இதனால் விட்டிருக்கிறேன். விட்டதில் வருத்தமில்லை.

வரி ஜாதிகளில் வேறு இரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டட்கார்ட் என்று ஒன்று உண்டு. பச்சையும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். படத்தில் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். நம் வெயிலில் அந்த வெள்ளை காகிதம் போலக் காய்ந்துவிடும். பாதி நிழலும் ஈரக்காற்றும் உள்ள இடத்துக்கு, ஏற்காடு மாதிரி ஊருக்கு, அது சரி. திருச்சிக்கு நான் அதைத் தருவதில்லை. டிராபிகானா நம் வெயிலுக்கு நன்றாகவே வரும். ஆனால் எப்போதாவது வரி இல்லாத வெறும் செம்பழுப்புக் குருத்து ஒன்று கிளம்பும். அதைப் பார்த்த அன்றே கிழங்கோடு எடுத்துவிட வேண்டும். அதற்கு வேகம் அதிகம். இரண்டு மழைக்காலம் விட்டால் தூர் முழுக்க அதுவே நின்றுவிடும்.

கடைசியாக, வாங்குகிறவர்களுக்கு. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் செடி மடிந்துவிடும் என்பதால் காய்ந்த கிழங்காக விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அதைப் பார்த்து இங்கேயும் இப்போது கிழங்கைப் பொட்டலம் கட்டி அனுப்பும் பழக்கம் வந்துவிட்டது. நம் சமவெளியில் கல்வாழை வருஷம் முழுக்க இலையோடுதான் நிற்கிறது. மார்கழியில் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவே. கிழங்கின் மேல் நோய் எழுதியிருக்காது. ஆகவே இலையோடு, குறைந்தது மூன்று நான்கு இலை விரிந்த செடியாக, பையில் வேர் பிடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். இலையைத் தூக்கி வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். எந்த நர்சரிக்காரரும் அதற்குக் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அங்கே வாங்க வேண்டாம். இந்த ஆடியில் பிரித்த கிழங்குகள் இப்போது பையில் இரண்டாவது இலை விட்டிருக்கின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் புரட்டாசிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.